கல் வைக்காமல் போனவை

எங்கள் ஊரான தவசிப்பொட்டலில் யாரும் யாரிடமும் இரவல் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்கிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. தை பிறந்து மிளகாய் பழுக்க ஆரம்பித்துவிட்டால் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஊரே காட்டுக்குப் போய்விடும், கதவுகள் திறந்தபடி கிடக்கும், நாய்கள் மட்டும் தெருவில் படுத்திருக்கும். உனக்கு உலக்கை வேண்டுமா, சல்லடை வேண்டுமா, ஏணி வேண்டுமா, நேரே அந்த வீட்டுக்குள் போவாய், எடுத்துக்கொள்வாய், எடுத்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வருவாய். கல் இருந்தால் பொருள் திரும்பி வரும். வேலை முடிந்து நீ அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது வீட்டுக்காரி அந்தக் கல்லை எடுத்து உன் கையில் கொடுப்பாள், நீ அதை வாசலில் போட்டுவிட்டுப் போவாய், அத்தோடு விஷயம் முடிந்தது.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காட்டிலிருந்து திரும்பி வந்து கூழ் கிண்டலாம் என்று பார்த்தால் என் அகப்பையைக் காணோம். புது அகப்பை, நன்றாக இழைத்த கொட்டாங்கச்சி, கைக்கு வாகான நீளக் காம்பு. அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணிக்குக் கீழே மாடத்தில் கல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இல்லை. தரையில் பார்த்தேன், இல்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால், ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் அகப்பையின் நிழல் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையாவது விட்டுவைத்தானே களவாணிப் பயல் என்று முணுமுணுத்துக்கொண்டே மத்தை எடுத்து அன்றைக்குக் கூழைக் கிண்டினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. பூசாரி வீட்டில் அரிசி புடைக்கிற சொளகு போனது, கிழக்குத் தெருவில் ஒரு சீப்பும் ஒரு சின்ன அருவாமனையும் போயின, வாத்தியார் வீட்டில் கைப்பிடி உடைந்த வாளி போனது. நகை போகவில்லை, நெல் போகவில்லை, உண்டியல் போகவில்லை. எடுத்த இடத்தில் கல் கிடையாது, ஆனால் நிழல் இருந்தது, சொளகின் நிழல் சொளகு சாத்தியிருந்த இடத்தில், சீப்பின் நிழல் சீப்பு செருகியிருந்த இடத்தில். கல் வைத்து எடுத்த பொருளுக்கு நிழல் தங்குவதில்லை என்பதையும் நாங்கள் சீக்கிரமே கண்டுகொண்டோம், ஏனென்றால் அதே வாரத்தில் என் ஆட்டுரல் குழவியை எதிர்வீட்டுக்காரி கல் வைத்து எடுத்துப் போயிருந்தாள், அங்கே கல் இருந்ததே தவிர நிழல் எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து நிழல்கள் அசைய ஆரம்பித்தன. நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், முற்பகலில், என் அகப்பையின் நிழல் ஆணியிலிருந்து இறங்கி, சுவரின் நடுவில் வந்து நின்று, மெதுவாகக் கிண்ட ஆரம்பித்தது. அகப்பை எங்கேயோ ஒரு பானைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, நிழல் இங்கே சுற்றுகிறது, அவ்வளவுதான். சொளகின் நிழல் பூசாரி வீட்டுச் சுவரில் புடைத்தது. சீப்பின் நிழல் மேலிருந்து கீழே வெகு நேரம் வந்துகொண்டிருந்தது. பொழுது அடைந்தால் நிழல்களும் அடைந்துவிடும், மறுநாள் வெயில் ஏறியதும் வேலையைத் தொடங்கிவிடும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ளப் பத்து நாள்கூட ஆகவில்லை. நிழல் இருக்கிற சுவரில் வெள்ளை அடிக்கக் கூடாது, நிழல் தொங்குகிற ஆணியில் வேறு சாமான் மாட்டக் கூடாது என்று தானாகவே ஒரு முறை வந்துவிட்டது. காட்டுக்குப் போகாமல் வீட்டில் இருக்க நேர்ந்தவர்கள், இன்றைக்கு அந்த வீட்டில் புடைத்தார்களா, வாளி எத்தனை தடவை இறங்கி ஏறியது என்று பார்த்து வைத்து, சாயங்காலம் எங்களுக்குச் சொல்வார்கள். பக்கத்து ஊரிலிருந்து சம்பந்திமார் பார்க்க வந்தார்கள், காப்பி போட்டுக் கொடுத்தோம். நிழல் விழாத வீட்டுக்காரிகளுக்கு முகம் சுண்டிப்போனது, எங்க வீட்டுச் சாமான் என்ன மட்டமா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். பூசாரி போலீசில் எழுதி வைக்கலாம் என்று டவுனுக்குப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். நிழல் வீட்டில் இருக்கிற பொருளைக் காணாமல் போனதாக எப்படி எழுதுவது என்று அங்கே கேட்டார்களாம்.

நாய்கள் ஒரு நாள்கூடக் குரைக்கவில்லை. அதை மட்டும் நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

யோசித்தவள் குருவம்மா மதினி ஒருத்திதான். அவள் என் பக்கத்து வீடு. மகள் சந்தனமாரிக்கு மூன்று வயதாகும்போது புருஷனைப் பறிகொடுத்தவள், மிளகாய்க் காட்டை ஒற்றை ஆளாகப் பார்த்து, பிள்ளையை வளர்த்து, பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தவள். சந்தனமாரிக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, நீர் இறைப்பது, கூழ் கிண்டுவது எல்லாம் இடது கைதான். மதினிக்கு அது ஆகாது. இடது கையால் பிள்ளை எதையாவது நீட்டினால் வாங்க மாட்டாள், பிள்ளை இடது கையை நீட்டினால் எதையும் கொடுக்க மாட்டாள், "அந்தக் கைக்கு நான் குடுக்க மாட்டேன், சோத்துக்கையை நீட்டு" என்று பசித்து நிற்கிற பிள்ளையை நிற்க வைத்தே பழக்கப் பார்த்தாள். பழகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வானம் பொய்த்த வருஷம், மதினி தன் கொல்லையில் போர் போட்டாள். லாரி வந்தது, நானூறு அடி இறங்கியது, சாம்பல் நிறத்தில் கல்லும் தூளுமாக ஒரு குன்று குவிந்ததே தவிர சொட்டுத் தண்ணீர் வரவில்லை. லாரிக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால் குழாய் இறக்கிய ஆள் ஒருவன் மட்டும் மறந்துபோன ஸ்பேனரைத் தேடுகிறேன் என்று இரண்டு தடவை ஊருக்கு வந்தான், மூன்றாவது தடவை அவன் வந்தபோது ஸ்பேனர் எது என்று ஊருக்கே விளங்கிவிட்டது. எந்த ஊர், என்ன ஆட்கள், ஒன்றும் தெரியாது. மதினி வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தாள். எங்கள் ஊருக்குள் வந்த முதல் பூட்டு அது. மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போனாள்.

சந்தனமாரி ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மதினி மிளகாய்க் கூடையோடு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிவந்தாள். அவள் அங்கே சொன்னதை நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். "போ! ஆனா திரும்பி வந்துராத! இந்த ஊர்ல ஒரு கல்லத் தொட்டு வைக்கக்கூட ஒனக்கு இனிமே பாத்தியத கெடையாது!" பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் அவள் முன்னால் எடுக்கக் கூடாது என்றாள், நாங்களும் எடுக்கவில்லை. திறந்த பூட்டு மட்டும் வாசல் சங்கிலியிலேயே தொங்கிக்கொண்டு கிடந்தது.

அந்த மதினி என் வீட்டுக்கு உப்பு வாங்க வந்த ஒரு நாள், சுவரில் கிண்டிக்கொண்டிருந்த அகப்பை நிழலைப் பார்த்துவிட்டு உப்பை மறந்து நின்றுவிட்டாள். நிழல் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தினம் பார்க்கிறேன், எனக்கு அது உறைக்கவில்லை. கிண்டி முடித்ததும் நிழல் உயர்ந்து, இல்லாத பானையின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டியது. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் காட்டுக்கு அரை நாள்தான் போனாள், மீதி அரை நாள் என் அடுப்படியில் நின்றாள்.

"என்ன மதினி, நிழலப் பாத்துக்கிட்டே நிக்கிறீக, காலு வலிக்கலையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கூழு அடிப்பிடிக்கப் போகுது பஞ்சவர்ணம். கொஞ்சம் வெரசாக் கிண்டச் சொல்லு."

"யாருகிட்டச் சொல்ல மதினி?"

அவள் கை தானாக இடப்பக்கமாகச் சுற்றியது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அகப்பை போன ஆத்திரம்கூட அன்றோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது நல்ல அகப்பை.

பங்குனியில் எதிர்வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடி போனது. அதன் நிழல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடியதைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தோம், யாருக்கோ வாய் கேட்கிறது, எத்தனை மாசமோ என்று. மதினி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் விரலை மடக்கி மாசம் எண்ணியதை வேலி வழியாகப் பார்த்தேன்.

அவளுக்கு இருந்த ஏக்கம் ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று களவு போக வேண்டும். அடுத்தவள் அடுப்படியில் நின்று எத்தனை நாளைக்குப் பார்ப்பது? தன் சுவரில், தன் கண் முன்னால், தன் மகளின் கை தொட்ட ஒரு பொருளின் நிழல் ஆட வேண்டும். நல்ல செம்பைத் துலக்கி வாசலுக்கு நேரே வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். புதுத் தலையணையை எடுத்து வைப்பாள். மகளுக்குப் பிடித்த சீடையைச் சுட்டு டப்பாவைத் திறந்து வைப்பாள். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் செம்பு அப்படியே இருக்கும், தலையணை அப்படியே இருக்கும், சீடையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். தெருவில் இருக்கிற அத்தனை வீட்டிலும் ஏறி இறங்கின மகள் அந்த ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆவணியில் ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி அண்ணன் வீட்டில் கொடியில் மடித்துப் போட்டிருந்த பழைய வேட்டி போனது. துவைத்துத் துவைத்துப் பூவாக மெலிந்த வேட்டி. தலைவர் வேட்டிக்கே கை வைத்தாயிற்று என்றதும் ஊர்க் கூட்டம் போட்டார்.

"இத இப்பிடியே விட்டா நாளைக்குக் கட்டியிருக்கிறதையும் உருவிருவாங்க. வர்ற வியாழக்கிழம சந்தையில வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிருவோம். நான் சொல்றது சரிதானப்பா?"

கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த குருவம்மா மதினி எழுந்து நின்றாள்.

"பூட்டு வேணாம்ணே. எடுக்கிறது எம் மக."

இரண்டு வருஷமாக அவள் வாயில் வராத வார்த்தை அது. ஒரு தடவை வந்துவிட்டதும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"சந்தனமாரிதாண்ணே. அகப்பையப் பீச்சாங்கையால சுத்துறா, நான் பாத்தேன். கையில ஒண்ணும் இல்லாமப் போன பிள்ள. ஒரு குடும்பத்துக்கு என்னென்ன வேணுமோ அத ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறா. வேற யாருகிட்டப் போயிக் கேப்பா? நீங்க பூட்டுப் போட்டுட்டா அவ எங்கிட்டுப் போவா?"

கோட்டைச்சாமி அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் சம்சாரம்தான், கெட்ட எண்ணம் இல்லாதவள், மனசில் பட்டதைக் கேட்டுவிட்டாள்.

"ஊரு பூரா எடுக்கிற பிள்ள பெத்த வீட்டுல ஏன் மதினி ஒண்ணும் எடுக்கல?"

"எப்பிடி எடுப்பா?" என்றார் அண்ணன். "ஊர்லயே பூட்டுத் தொங்குற வீடு அது ஒண்ணுதான?"

மதினி வீட்டுக்குப் போனாள். பூட்டு திறந்துதானே கிடக்கிறது, அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று இரண்டு வருஷமாகக் கண்ணில் படாமல் இருந்த பூட்டை அன்றைக்குத்தான் பார்த்தாள். துருவேறிச் சங்கிலியோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, கல்லால் தட்டிக் கழற்றினாள். கழற்றியவள் தூர எறிய மனமில்லாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைத்தாள். பிரியமாக வாங்கிய பொருள் இல்லைதான், ஆனாலும் இரும்பு. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் வந்தால் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பாள். அவரோ மழை முடிந்து வண்டிப் பாதை காய்ந்தால்தான் எங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிளைத் திருப்புவார்.

ஐப்பசி மழை வந்தது. வேட்டியின் நிழல் அதுவரை மடித்தபடியே கோட்டைச்சாமி அண்ணன் வீட்டுக் கொடியில் கிடந்தது. மழை வெறித்து வெயில் வந்த ஒரு காலை, அந்த நிழல் விரிந்து, இரண்டு முனையும் மேலே போய் முடிந்துகொண்டு, நடுவில் கனத்துத் தொங்கி, தூளியாக ஆட ஆரம்பித்தது. அண்ணனே மதினி வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் போனோம். மதினி அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, தூளி ஆடும்போதெல்லாம் தானும் லேசாக ஆடினாள். ஆணா பெண்ணா என்று நிழலில் தெரியவில்லை. பூட்டுப் போடச் சொன்ன அதே கோட்டைச்சாமி அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "சத்தம் போடாதீக, பிள்ள தூங்குது" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் அதட்டினார்.

ஒரு மாசம் மதினி அங்கேதான் கிடந்தாள். அண்ணன் சம்சாரம் அவளுக்கு ஒரு பாயைப் போட்டு வைத்தாள். சாயங்காலம் வெயில் மங்கி நிழல் கரைகிற நேரத்தில் அவளை அங்கிருந்து கிளப்பி வீட்டுக்குக் கூட்டி வருவது என் வேலை. ஒரு நாள் வழியில், "தொட்டுப் பாத்தேன் பஞ்சவர்ணம், சொவருதான் இருக்கு" என்றாள்.

கார்த்திகை பாதியில் பேரீச்சம்பழக்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார். மதினி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பூட்டை எடுத்துப் போட்டாள். அவர் அதைச் சாக்குக்குள் வீசிவிட்டு இரண்டு கை பழம் அள்ளித் தந்தார். தனக்கு இறங்காது என்று அதை ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டாள். மறுநாள் களை எடுக்கக் காட்டுக்குப் போனோம். உச்சி வெயிலுக்கு நான் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் மதினி அலறினாள்.

ஓடிப் போனேன். அவள் அடுப்படி நடுவில் நின்று நாலு சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலாடையக் காணோம் பஞ்சவர்ணம்! சந்தனத்துக்குப் பாலு ஊட்டுன பாலாட, மேல் பலகையிலதான் இருந்துச்சு, காணோம்!"

"வந்துட்டாள்ல மதினி! அதத்தான கேட்டுக்கிட்டுக் கெடந்தீக?"

"நெழலக் காணோமே! ஊருக்கெல்லாம் நெழல விட்டுட்டுப் போனவ எனக்கு மட்டும் அதக்கூட விடல பாரு! நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவு கோபமா இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். அப்போது அடுப்பங்கரை ஓரத்தில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். பழம் பாதிதான் இருந்தது. பக்கத்தில் ஏழெட்டுக் கொட்டைகள் வரிசையாகக் கிடந்தன, இன்னும் ஈரம் காயவில்லை. அவசரமாக எடுத்துப் போகிறவள் உட்கார்ந்து பழம் தின்பாளா? நான் முக்காலியைப் போட்டு ஏறி மேல் பலகையைத் தடவினேன். தூசிக்கு நடுவே பாலாடை இருந்த வட்டத்தில் என் விரலில் கல் தட்டுப்பட்டது.

சாம்பல் நிறக் கல். நானூறு அடி ஆழத்திலிருந்து வந்து மதினியின் கொல்லையில் குவிந்து கிடக்கிற அதே கல்.

"மதினி, நெழலு எப்பிடி இருக்கும்? இங்க பாருங்க, கல்லு வச்சு எடுத்துருக்கா" என்றேன்.

அவள் எழுந்து வந்து முக்காலியில் ஏறிப் பார்த்தாள். தொடவில்லை. பொருள் திரும்பி வருவதற்கு முன்னால் கல்லை எடுக்கக் கூடாது. பலகையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி அண்ணன் சம்சாரம் ஓடிவந்தாள், தூளியைக் காணோம், சுவர் வெறிச்சென்று கிடக்கிறது, கொடிக்குக் கீழே ஒரு கல் இருக்கிறது என்றாள். பூசாரி வீட்டிலும் அப்படித்தான், வாத்தியார் வீட்டிலும் அப்படித்தான். நான் என் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. மாடத்தில் சாம்பல் நிறக் கல் இருந்தது. ஒன்பது மாசமாக இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி எனக்குத் துணையாக இருந்த நிழல் போய்விட்டது. ஒரு அகப்பையின் நிழலுக்காக நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அழுதேன்.

சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனேன். அவள் மேல் பலகைக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தது. இனிமேல் சுவரில் பார்க்க அவளுக்கு ஒன்றும் இல்லை. மகள் எந்த நேரம் கிண்டுகிறாள், பிள்ளை எந்த நேரம் தூங்குகிறது, எதுவும் தெரியாது. காத்திருக்க மட்டும்தான் முடியும்.

"பிள்ளைக்குப் பாலாட எத்தன மாசம் வேணும் பஞ்சவர்ணம்?"

பிள்ளை வளர்த்தவள் என்னிடம் கேட்கிறாள்.

"பல்லு மொளைக்கிற மட்டும் வேணும்ல மதினி. ஆறு மாசம், ஏழு மாசம்."

"அப்ப சித்திர போயி வைகாசி ஆயிரும்."

"ஆகட்டும். நம்ம களத்துல வத்தல் காயுறப்ப வந்துருவா. எங்க அகப்பையையும் கொண்டாரணும், சொல்லிட்டேன்."

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"கொண்டாந்து குடுக்கிறப்ப, கல்ல எடுத்து நாந்தான அவ கையில குடுக்கணும்?"

"ஆமா மதினி. நீங்கதான் குடுக்கணும்."

"இடது கைய நீட்டுனாலும் குடுத்துருவேன்" என்றாள்.